புல்லட்டின் பூர்வீகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய புல்லட்டை எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். டேங்க்கைத் தடவிப் பார்ப்பார், அப்புறம் ஒரு கேள்வி கேட்பார். கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மட்டும் பெரும்பாலும் அதேதான். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே சேர்த்திருக்கிறேன். 'அயர்ன் இன்ஜின்' என்று நான் சொல்லுமிடமெல்லாம் வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட பழைய இன்ஜினைத்தான் சொல்கிறேன். 2010 வாக்கில் அதன் தயாரிப்பு நின்றது.

புல்லட் நம்ம மெட்ராஸ் வண்டிதானே? அதை ஏன் இங்கிலாந்து வண்டின்னு சொல்றாங்க?

இரண்டும் சரிதான். வண்டியை வடிவமைத்தது இங்கிலாந்தில், பர்மிங்ஹாமுக்குத் தெற்கே இருக்கிற ரெட்டிச் என்ற ஊரில். அங்கேதான் ராயல் என்ஃபீல்டின் ஆலை இருந்தது. 1950களின் நடுவில் சென்னை திருவொற்றியூரிலும் வண்டி செய்யத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் இரண்டு ஊர்களிலும் புல்லட் செய்தார்கள். பிறகு ரெட்டிச் நிறுத்திவிட்டது, திருவொற்றியூர் நிறுத்தவில்லை.

துப்பாக்கி செய்யற கம்பெனிதான் பைக் பண்ண ஆரம்பிச்சுதாமே?

இல்லை. டேங்க்கில் பீரங்கிச் சின்னம், 'துப்பாக்கி போலச் செய்யப்பட்டது' என்று ஒரு விளம்பர வாசகம், வண்டிக்குப் பெயரோ புல்லட். இத்தனையும் சேர்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உண்மையில் ரெட்டிச் ஊசிக்குப் பேர்போன ஊர். தையல் ஊசி, மீன் தூண்டில் முள் எல்லாம் அங்கிருந்து உலகம் முழுக்கப் போயின. ஜார்ஜ் டவுன்செண்ட் என்பவரின் ஊசிக் கம்பெனி சைக்கிள் பாகங்கள் செய்ய இறங்கிக் கடனில் சிக்கியது. 1891இல் ஆல்பர்ட் ஈடி, ராபர்ட் வாக்கர் ஸ்மித் என்ற இருவர் அதை எடுத்து நடத்த வந்தார்கள். மிடில்செக்ஸ் பகுதியில் என்ஃபீல்டு என்ற ஊரில் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. அதற்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்துதரும் ஒப்பந்தம் இவர்களுக்குக் கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். விளம்பர வாசகம் வந்தது 1893இல். ஆக, துப்பாக்கிக்குப் பாகம் செய்து கொடுத்தவர்கள், அவ்வளவுதான்.

முதல் மோட்டார் சைக்கிள் 1901இல் வந்தது. ஒன்றரைக் குதிரைத்திறன் மினர்வா இன்ஜினை முன் சக்கரத்துக்கு மேலே பொருத்தியிருந்தார்கள். படத்தில் பார்த்தால் சைக்கிளுக்கு யாரோ மோட்டார் மாட்டி விட்டாற்போல இருக்கும்.

முதல் புல்லட் எந்த வருஷம் வந்துச்சு?

1932 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் காட்டினார்கள். 250, 350, 500 சிசி என்று மூன்று அளவு. இன்ஜின் முன்பக்கம் சாய்ந்து நிற்கும், சிலிண்டர் தலையில் புகை வெளியேற இரண்டு வழிகள். காலால் கியர் மாற்றலாம் என்பதே அன்றைக்கு ஒரு புதுமை. இளவட்டங்களுக்கான வேக வண்டியாகத்தான் அதை விற்றார்கள்.

அப்போ நாம ஓட்டற அயர்ன் இன்ஜின் புல்லட் 1932 மாடலா?

பெயர் மட்டும் 1932. இரண்டாம் உலகப் போர் வந்ததும் ரெட்டிச் ஆலை ராணுவ வேலைக்குப் போய்விட்டது, புல்லட் என்ற பெயரும் சில ஆண்டுகள் புழக்கத்தில் இல்லை. நமக்குத் தெரிந்த வண்டி போருக்குப் பின் புதிதாக உருவானது.

அதன் கதை மேட்டில், சேற்றில், பாறையில் ஓட்டும் டிரையல்ஸ் பந்தயங்களில் தொடங்குகிறது. 1948 தொடக்கத்தில் கோல்மோர் கோப்பைப் பந்தயத்துக்கு ராயல் என்ஃபீல்டு சில மாதிரி வண்டிகளைக் கொண்டுவந்தது. பின் சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் மாட்டி இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் கொடுத்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. பின் சக்கரம் வண்டியின் சட்டத்தோடு (ஃபிரேமோடு) இறுக்கமாக இருந்தால்தான் சேற்றில் பிடிமானம் கிடைக்கும், ஸ்பிரிங் வைத்தால் வழுக்கிவிடும் என்பது அவர்கள் கட்சி. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் பந்தயத்தில் இந்த வண்டிகளை ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் வாங்கினார்கள். கோப்பையை வென்ற பிரிட்டன் அணியிலும் அவர்கள் இருந்தார்கள். வாதம் அத்தோடு முடிந்தது. பின்னர் ஜானி பிரிட்டன் என்ற வீரர் 1952, 1957 ஆகிய ஆண்டுகளில் ஸ்காட்லாந்து ஆறு நாள் பந்தயத்தை புல்லட்டிலேயே வென்றார்.

கடைக்கு வந்தது 1949 மாடலாக. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் பயணம் 90 மில்லிமீட்டர், மொத்தம் 346 சிசி. 500 சிசி புல்லட் 1953இல் வந்தது, விட்டம் 84, பயணம் அதே 90. ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் ஒரே கூட்டுக்குள் அடக்கி, இரண்டு பக்கமும் சின்னக் கண்கள் போல விளக்கு வைத்தார்களே, அது 1954இல். இந்த அளவுகளையும் அந்த முகத்தையும் திருவொற்றியூர் அப்படியே எடுத்துக்கொண்டது.

உலகப் போர்ல பாராசூட்ல கட்டி இறக்கினது புல்லட்டைத்தானே?

அது புல்லட் இல்லை. 'ஃபிளையிங் ஃபிளீ' என்ற 125 சிசி டூ ஸ்ட்ரோக் குட்டி வண்டி. இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பாராசூட்டில் இறக்குவார்கள். ஒரு வேடிக்கை: அது ஜெர்மனியின் டிகேடபிள்யூ வண்டியைப் பார்த்துச் செய்தது. போருக்குச் சற்று முன்பு, நெதர்லாந்தில் டிகேடபிள்யூ விற்றுவந்த நிறுவனத்தில் யூத இயக்குநர்கள் இருந்ததால் ஜெர்மனியிலிருந்து வண்டி வருவது நின்றுபோனது. அவர்கள் ராயல் என்ஃபீல்டிடம் வந்து இதேபோல ஒன்று செய்து தரக் கேட்டார்கள். கடைசியில் அந்த வண்டி ஜெர்மனிக்கு எதிராகவே போனது.

மெட்ராஸுக்கு எப்படி வந்துச்சு?

சுந்தரம் ஐயர் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் 1949 முதல் பிரிட்டிஷ் வண்டிகளை இறக்குமதி செய்து விற்றுவந்தது. எல்லையில் ரோந்து போக வலுவான, பழுது பார்க்க எளிதான வண்டி ஒன்று இந்திய ராணுவத்துக்குத் தேவைப்பட்டது. 350 புல்லட்டை ஆர்டர் செய்தார்கள், ரெட்டிச்சில் செய்த வண்டிகள் கப்பலில் வந்தன. ராணுவத்துக்குப் பிடித்துப்போனது. இன்றும் குடியரசு தின அணிவகுப்பில் ராணுவ வீரர்கள் பிரமிடு போல அடுக்கி நின்று சாகசம் செய்வது புல்லட் மேல்தான்.

ஆனால் அன்றைய அரசு தொடர்ந்து இறக்குமதி செய்ய விடாது, இங்கேயே செய்தாக வேண்டும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தன. பெரும்பங்கு மெட்ராஸ்காரர்களுடையது. முதலில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வரும், இங்கே பூட்டுவார்கள். 1956 கடைசி வரை 163 வண்டிகள்தான் வெளியே வந்தன. 1957இல் ரெட்டிச்சிலிருந்து அச்சுகளையும் கருவிகளையும் வாங்கினார்கள். 1962க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராயின.

அமெரிக்காவுல புல்லட்டை 'இந்தியன்'னு வித்தாங்களாமே, நிஜமா?

நிஜம், ஆனால் நம் நாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் 'இந்தியன்' என்பது பழைய மோட்டார் சைக்கிள் கம்பெனி. 1953இல் அவர்கள் சொந்தத் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், பெயர் மட்டும் பிரிட்டிஷ் கைக்குப் போனது. 1955 முதல் 1959 வரை ரெட்டிச் வண்டிகளையே அந்தப் பெயர் ஒட்டி அங்கே விற்றார்கள். 500 புல்லட்டுக்கு அங்கே 'வுட்ஸ்மேன்' என்று பெயர். என்ஃபீல்டு இந்தியா ஆரம்பித்த அதே ஆண்டு அமெரிக்காவில் அது 'இந்தியன்' ஆனது தற்செயல்தான்.

இங்கிலாந்துலயே மூடிட்டாங்க, இங்க மட்டும் எப்படி பிழைச்சுது?

இதற்குப் பலரும் 'புல்லட் மேல் நம்ம ஆளுங்களுக்கு அவ்வளவு பாசம்' என்று பதில் சொல்வார்கள். அந்தப் பாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வண்டி பிழைத்ததற்குக் காரணம் பாசம் இல்லை, மூடிய சந்தை.

முதலில் இங்கிலாந்தைப் பார்ப்போம். 1959இல் மினி கார் வந்தது. குடும்பத்தை சைடுகாரில் ஏற்றிப் போனவர்கள் காருக்கு மாறினார்கள். 1961இல் அரசின் புது விதி வந்தது: ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் 250 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது. 350 புல்லட் வாங்க வேண்டிய பையன்கள் 250 சிசி பக்கம் போய்விட்டார்கள், ராயல் என்ஃபீல்டும் அதன் க்ரூசேடர் வண்டியில்தான் கவனம் வைத்தது. பழைய புல்லட் 1960களின் தொடக்கத்தில் நின்றது. க்ரூசேடர் இன்ஜினை வளர்த்து வேறொரு 350க்கு 'நியூ புல்லட்' என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. கம்பெனியைப் பல ஆண்டுகள் நடத்திய மேஜர் ஃபிராங்க் ஸ்மித் 1962இல் இறந்தார். நிறுவனம் கைமாறியது. அதோடு ஜப்பான் வண்டிகளும் வந்துவிட்டன. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டது. பிராட்ஃபோர்டு ஆன் ஏவன் அருகே, போர்க்காலத்தில் பழைய கல் சுரங்கத்துக்குள் அமைத்த ஆலையில் இன்டர்செப்டர் என்ற மாடலின் தயாரிப்பு மட்டும் 1970 வரை ஓடியது.

இந்தியாவில் இதில் எதுவும் நடக்கவில்லை. இறக்குமதி கிடையாது. புது ஆலை தொடங்க லைசென்ஸ் வேண்டும். மைசூரில் ஜாவா, வடக்கே ராஜ்தூத் என்று போட்டி ஒன்றிரண்டுதான். நாலு ஸ்ட்ரோக், 350 சிசி, ராணுவமும் போலீஸும் நிரந்தர வாடிக்கை. மாற்ற வேண்டிய கட்டாயமே வரவில்லை. ரெட்டிச்காரர்களுக்கு அது சில வருடங்களுக்கான மாடல், அடுத்தது வந்ததும் தூக்கிப்போட்டிருப்பார்கள். இங்கே அதற்கு அடுத்தது வரவே இல்லை. 1984, 85இல் ஹோசூரிலிருந்து இண்ட்-சுசுகி, அப்புறம் ஹீரோ ஹோண்டா, ஆர்எக்ஸ் 100 என்று 100 சிசி வண்டிகள் வந்தபோதுதான் என்ஃபீல்டு இந்தியா முதன்முறையாகத் திணறியது. நாம் இன்று 'மாறாத பாரம்பரியம்' என்று கொண்டாடுவதில் பாதி, மாற்றத் தேவையில்லாமல் போனதன் விளைவு.

அப்போ இங்கிலாந்துக்காரன் புல்லட்டை மறந்தே போயிட்டானா?

மறந்திருந்தவர்களுக்கு 1977இல் நினைவூட்டினோம். அந்த ஆண்டு முதல் திருவொற்றியூர் புல்லட் பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியானது. ரெட்டிச்சில் நின்றுபோன வண்டி, புத்தம் புதிதாக, மெட்ராஸிலிருந்து கப்பலில் போனது. 1989 வாக்கில் 500 சிசி புல்லட்டையும் முக்கியமாக ஏற்றுமதிக்காகவே செய்தார்கள்.

கிக் அடிச்சா காலை உடைச்சிடும்னு சொல்றாங்களே? அந்த ஆம்மீட்டர் எதுக்கு?

முறை தெரியாமல் அடித்தால் உதைத்துத் தள்ளும், அது உண்மை. பெரிய ஒற்றை பிஸ்டன். அது அழுத்தத்தின் உச்சிக்குச் சற்று முன்னால் நிற்கும்போது அரைகுறையாக மிதித்தால், வெடித்துப் பின்பக்கம் திருப்பிவிடும்.

பழைய பாயிண்ட் (தீப்பொறிக்காகக் கரண்டை விட்டு நிறுத்தும் சின்ன ஸ்விட்ச்) வைத்த வண்டிகளுக்குச் சொல்கிறேன். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது இக்னிஷன் காயில் கரண்ட் இழுக்கும், கரண்டைக் காட்டும் ஆம்மீட்டரின் முள் ஒரு பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்துங்கள். சிலிண்டர் அழுத்தத்தைத் திறந்துவிடும் டிகம்ப்ரஸர் லிவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கொஞ்சம் தள்ளி உச்சியைத் தாண்டவிடுங்கள். லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே நீளமான மிதி. பலம் தேவையில்லை. ஒல்லியான மெக்கானிக் பையன் ஒரே மிதியில் எடுப்பான், ஜிம் பாடி அண்ணன் வியர்த்துக்கொண்டு நிற்பார்.

கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். ஏன் இப்படித் தலைகீழா வச்சாங்க?

தலைகீழாக வைக்கவில்லை, பிரிட்டிஷ் வண்டிகளில் அதுதான் வழக்கம். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. 1970களின் நடுவில் அமெரிக்கா எல்லாப் புது வண்டிக்கும் கியர் இடது பக்கம்தான் என்று விதி போட்டது, உலகமே அதன்படி மாறியது. மூடிய சந்தை என்று முன்பு சொன்னேனே, அதனால் புல்லட் மாறவில்லை. 2000களில்தான் ஐந்து கியர் பெட்டியோடு இடது பக்கம் வந்தது.

பழைய ஆல்பியன் வகைக் கியர் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது நியூட்ரல் லிவர். இரண்டு, மூன்று, நாலு எதில் இருந்தாலும் குதிகாலால் ஒரு அமுக்கு, நேராக நியூட்ரல். சிக்னலில் நின்று நியூட்ரல் தேடுகிற தொல்லையே கிடையாது. இவ்வளவு நல்ல விஷயத்தைப் புது வண்டியில் ஏன் எடுத்தார்கள் என்று இன்னும் எனக்கு ஆற்றாமை.

ரொம்ப நாள் நிறுத்தி எடுத்தா புகையா தள்ளுது. இன்ஜின் போச்சா?

பெரும்பாலும் இல்லை. அயர்ன் இன்ஜினில் ஆயிலுக்குத் தனி டேங்க் கிடையாது, கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே ஒரு அறை இருக்கும். பம்ப் தேய்ந்திருந்தால், நிறுத்தி வைத்த நாட்களில் ஆயில் மெல்லக் கசிந்து பிளைவீல் இருக்கும் பக்கம் சேர்ந்துவிடும். ஸ்டார்ட் செய்ததும் அதுதான் புகையாக வரும். சில நிமிடங்களில் பம்ப் அதைத் திருப்பி அனுப்பியதும் புகை நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். ஸ்டார்ட் பண்ணும் முன் அளவு குறைவாகக் காட்டுகிறதே என்று மேலே ஆயில் ஊற்றிவிடாதீர்கள்.

அந்தப் பழைய சத்தம் ஏன் இப்ப வர்றதில்லை?

விட்டத்தைவிட நீளமான பிஸ்டன் பயணம், கனமான பிளைவீல், மிகக் குறைந்த ஐடிலிங். இவை மூன்றும் சேர்ந்ததுதான் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாகக் கேட்கவைத்த அந்தச் சத்தம். இப்போதைய இன்ஜினிலும் விட்டம் 72, பயணம் 85.8 மில்லிமீட்டர், அதாவது இன்னும் நீளம்தான். ஆனால் எரிபொருளைக் கணக்குப் பார்த்துத் தெளிப்பது கம்ப்யூட்டர். புகை விதி, சத்த விதி எல்லாம் வேறு இருக்கின்றன. சைலன்சரை மாற்றி அந்தச் சத்தத்தைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: அது வராது, போலீஸ்தான் வரும்.

டீசல் புல்லட்னு ஒண்ணு இருந்துச்சா, இல்ல சும்மா கதையா?

இருந்தது. பம்புசெட் வகை டீசல் இன்ஜினைப் புல்லட் சட்டத்தில் பொருத்துவதைப் பட்டறைகள் செய்துகொண்டிருந்தன. கம்பெனியே 1993இல் அதைக் கையில் எடுத்தது: 325 சிசி, 6.5 குதிரைத்திறன். மைலேஜ் பிரமாதம், அதிர்வும் பிரமாதம். வேகம் பற்றிக் கேட்காதீர்கள். புகை விதிகள் இறுகியதும் நின்றுபோனது.

உலகத்துலயே ரொம்ப காலமா தொடர்ந்து தயாராகிற பைக் புல்லட்தான்னு சொல்றாங்களே, சரியா?

எதை எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1932 முதல் இடைவெளியே இல்லை என்றால், மேலே சொன்ன போர்க்கால இடைவெளி இடிக்கிறது. போருக்குப் பிந்தைய வடிவம் என்று எடுத்தால் 1949 முதல் அயர்ன் இன்ஜின் நின்ற 2010 வரை சுமார் 60 ஆண்டுகள். அதுவே பெரிய விஷயம், அதற்கு மேல் ஊதிப் பெருக்கத் தேவையில்லை. அதற்குப் பின் வந்ததையும் சேர்க்கலாமா என்றால் அடுத்த பதிலைப் பாருங்கள்.

இப்ப ஷோரூம்ல இருக்கிற புல்லட்டும் அதே புல்லட்தானா?

உள்ளே வேறு வண்டி. ஐஷர் நிறுவனம் 1990இல் கைகோத்து 1994இல் முழுதாக எடுத்துக்கொண்டது, அப்போதுதான் கம்பெனிப் பெயர் ராயல் என்ஃபீல்டு என்று மாறியது. 2000இல் ஐஷரின் சித்தார்த்த லால் பொறுப்புக்கு வந்தபோது இதை மூடிவிடலாமா, விற்றுவிடலாமா என்ற பேச்சே இருந்தது. அதன்பின் அலுமினிய இன்ஜின், 2009 வாக்கில் இன்ஜினும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பில் அமைந்த இன்ஜின், 2023இல் 349 சிசி புது இன்ஜினோடு புது ஃபிரேம். பழைய புல்லட்டின் ஒரு போல்ட்டு நட்டு இதில் பொருந்தாது.

ஓட்டிப் பார்த்தால் நல்ல வண்டி, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிரேக் பிடித்தால் நிற்கிறது. வேலை ஒரகடம், வல்லம் வடகால் என்று விரிந்துவிட்டது. 2017 முதல் இங்கிலாந்தின் புரூண்டிங்தார்ப்பில் கம்பெனிக்கு ஒரு தொழில்நுட்ப மையமும் இருக்கிறது, வடிவமைப்பில் ஒரு பகுதி மறுபடியும் அங்கேயே நடக்கிறது. டேங்க்கில் தங்கக் கோடு மட்டும் பல ஆண்டுகளாகத் திருவொற்றியூரில் கையால், தூரிகை பிடித்து இழுத்தார்கள்.

ஒருத்தர் ஒரிஜினல் ரெட்டிச் புல்லட்னு விலை சொல்றார். நம்பலாமா?

உடனே நம்ப வேண்டாம். ரெட்டிச் வண்டியும் 1950களின் மெட்ராஸ் வண்டியும் ஒரே வடிவமைப்பில் செய்தவை. பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். அதனால் பாதி அது, பாதி இது என்று கலந்து கட்டிய வண்டிகள் நிறைய. டேங்க் சின்னத்தை வைத்தோ, மைலில் காட்டும் ஸ்பீடோமீட்டரை வைத்தோ முடிவு செய்யாதீர்கள், இரண்டும் கடையில் கிடைக்கும்.

ஃபிரேம் எண், இன்ஜின் எண் இரண்டையும் நேரில் பார்த்துப் படம் எடுங்கள். ஆர்சியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா, எண் சுரண்டித் திரும்பக் குத்தியதா என்று கவனியுங்கள். ரெட்டிச்சிலிருந்து எந்த எண் வண்டி எங்கே அனுப்பப்பட்டது என்ற பழைய பதிவேடுகள் பிரிட்டனில் உள்ள ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கத்திடம் இருக்கின்றன, எண்ணை அனுப்பிக் கேட்கலாம். விற்பவர் எண்ணைப் படமெடுக்க விடவில்லை என்றால், டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.